பேராயி பந்தலில் தண்ணீர் குடித்தவர்கள்

வந்தீர்களா? உட்காருங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க வெயிலிலேயே நடக்கிறது. சொல்கிற எனக்கு மட்டுமல்ல, கேட்கிற உங்களுக்கும் நாக்கு வறளும்.

ராஜா யானைமேல் போன காலம் அது. மற்றவர்கள் எல்லாரும் நடந்தார்கள்.

அந்தக் காலத்தில் மாங்கரை என்று ஓர் ஊர், நெடும்பாறை என்று ஓர் ஊர். இரண்டுக்கும் நடுவே ஒரு கரிசல் பொட்டல். அதில் கிணறு இல்லை, குளம் இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. விடியும்போது நெடும்பாறையில் கிளம்பியவன் உச்சிவெயிலில் பொட்டலிலேயே நிற்பான், மாங்கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் மிச்சம் இருக்கும். கோடையில் அப்படி நின்றவர்கள் சிலர் மாங்கரை வந்து சேரவே இல்லை.

சேராமல் போனவர்களில் ஒருவன் மாங்கரையில் உப்பு மூட்டை சுமக்கும் பொன்னையன். அவனைத் தூக்கி வந்து வீட்டு வாசலில் கிடத்தியபோது உதடு இரண்டும் வெடித்துக் கிடந்தன. அதைப் பார்த்து அவன் மனைவி பேராயி அழுதாள். ஊரே பயப்படும்படி அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒரு முடிவு எடுத்தாள்.

"இனிமே அந்தப் பொட்டல்ல தண்ணியில்லாம ஒரு உசுரு போகக் கூடாது. போக விடமாட்டேன்."

பொன்னையன் விழுந்த இடத்திலேயே நான்கு கம்பு நட்டாள். நெடும்பாறை வணிகர் தெய்வச்சிலைச் செட்டியாரிடம் போய் நின்று கூரைக்குப் பனையோலை வாங்கினாள். கூரை போட்டாயிற்று, பந்தல் ஆயிற்று. தண்ணீருக்கு என்ன செய்வது?

குயவர் சடையனிடம் போனாள். "பானை குடுங்கண்ணே" என்றாள். கொடுத்தார்.

பசு வைத்திருந்த அழகாத்தாவிடம் போனாள். "மோர் குடுங்க மதினி" என்றாள். கொடுத்தாள்.

எருது ஓட்டும் கருத்தானிடம் போனாள். "தண்ணி கொண்டாந்து ஊத்து தம்பி" என்றாள். கண்மாயில் தோல்பைகளை நிரப்பி, எருதுகளின் முதுகில் ஏற்றி, அவனும் கொண்டு வந்தான்.

இவர்கள் மூவரும் கூலி கேட்டவர்கள் இல்லை. கோழி கூவும்போது மாங்கரையை விட்டுக் கிளம்புவார்கள். விடியும்போது பந்தலில் இறக்கி வைப்பார்கள். வெயில் ஏறும் முன்னால் ஊர் திரும்புவார்கள், அவரவர்க்கு அவரவர் பிழைப்பு இருக்கிறதே. வழிப்போக்கர்கள் வந்து சேருவதோ உச்சிப்பொழுதில். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் குடித்தவர்களைப் பார்த்ததே இல்லை.

பார்த்தவள் பேராயி ஒருத்திதான். குடித்தவர்கள் கை எடுத்துக் கும்பிட்டதும் அவளைத்தான். "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று கண் கலங்கியதும் அவளிடம்தான். வாழ்த்து அத்தனையும் அவளோடு நின்றது. அவள் கெட்ட எண்ணத்தோடு அதை வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பானையும் மோரும் தண்ணீரும் தந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதுமட்டுமா? உழைப்பாளி என்றால் அப்படி ஒரு உழைப்பாளி, வாய் என்றால் அப்படி ஒரு வாய். பானை வந்தால், "அங்க வையுங்கண்ணே, நாளைக்கு இன்னும் ரெண்டு வேணும்" என்பாள். மோர் வந்தால், "இன்னைக்குப் புளிக்குதே மதினி" என்பாள். தண்ணீர் வந்தால், "ஏன் தம்பி இவ்வளவு நேரம்?" என்பாள். ஒரு நாள் ஒரு பெரியவர், "கொடுக்கிறவங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?" என்று கேட்டதற்கு, அவருக்கும் கிடைத்தது.

"நான் என்ன என் வீட்டுக்கா கேக்கிறேன்? தர்மத்துக்கு எதுக்குய்யா நன்றி?"

சில கோடைகள் இப்படியே போயின. அப்புறம் ஒரு கோடையில் சடையன் வரவில்லை. கேட்டதற்கு, "இடுப்புல பிடிப்பு" என்றார். கொஞ்ச நாளில் அழகாத்தா வரவில்லை. "மாடு வத்திருச்சு" என்றாள். அதற்கும் கொஞ்ச நாளில் கருத்தானும் நின்றுவிட்டான். "எருதுக்குக் கால் நோவுக்கா" என்றான். யாரும் சண்டை போடவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

பேராயிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மனசு வத்திப் போச்சுன்னு சொல்லுங்க! மாட்டு மேல ஏன் பழியப் போடுறீங்க?" என்று தெருவில் நின்று கத்தினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று சுமக்கத் தொடங்கினாள். கழுத்து வீங்கியது. பாதம் கொப்புளித்தது. ஒரு நாள்கூடப் பந்தலை மூடவில்லை. அவள் பிடிவாதத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதத்தைக் குடித்துத் தாகம் தீருமா?

சித்திரை மாதத்தில் ஒரு நண்பகல். பானையில் தண்ணீர் தீர்ந்து, அடியில் ஒரே ஒரு குவளைதான் மிச்சம். அப்போது நெடும்பாறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. பேராயி அந்தக் குவளையை நீட்டினாள். அந்தப் பெண் தன் வாயில் ஒரு சொட்டும் விடாமல் முழுக்கக் குழந்தைக்குப் புகட்டினாள். புகட்டி முடித்து, குழந்தையைப் பேராயி கையில் கொடுத்துவிட்டு, அப்படியே சரிந்தாள்.

குழந்தையை நிழலில் கிடத்திவிட்டுப் பேராயி குனிந்து பார்த்தாள். அதே இடம். அதே வெயில். அதே மாதிரி வெடித்த உதடு. காலிப் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். அடியில் கசிந்திருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்து, அந்தப் பெண்ணின் உதட்டில் பிழிந்தாள். மறுபடி ஒற்றினாள், மறுபடி பிழிந்தாள். வெகு நேரம் கழித்து அந்தப் பெண் கண் திறந்தாள்.

பொழுது சாய்ந்ததும் அவளைக் கைத்தாங்கலாக மாங்கரைக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு, பேராயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பந்தல் நிக்கணும். என் ரோஷம் போனாப் போகட்டும். அந்த மூணு பேரும் திரும்பி வரணும். என்ன செஞ்சா வருவாங்களோ, அதச் செய்றேன்."

முதலில் ராஜாவிடம் போனாள். நல்ல ராஜாதான், யானையை விட்டு இறங்கத் தெரியாது, அவ்வளவுதான். "நன்கொடையாளர்களைக் கௌரவிப்போம்!" என்று அரண்மனை வாசலில் பெரிய பந்தல் போட்டார். மேளம் கொட்டினார்கள். மூவரையும் மேடையில் ஏற்றிப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். கட்டியக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்:

"மோர் கொடுத்த புண்ணியவான் சடையன்! பானை வனைந்த தர்மவான் கருத்தான்! எருது ஓட்டிய வீரத்திருமகள் அழகாத்தா!"

கூட்டம் கைதட்டியது. அழகாத்தா கருத்தானைப் பார்த்தாள். கருத்தான் சடையனைப் பார்த்தான். சடையன் தன் சால்வையைப் பார்த்தார். மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விடியற்காலை பேராயி பந்தலில் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

அடுத்து தெய்வச்சிலைச் செட்டியார் ஒரு யோசனை சொன்னார். "சால்வை கிழிஞ்சு போகும்மா. கல்லு கிழியுமா? கொடுத்தவங்க பேரைக் கல்லுல வெட்டி வை." கல்லுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். அதனால் உச்சியில் அவர் பெயர், கொட்டை எழுத்தில். கீழே மற்றவர்கள், சின்ன எழுத்தில். இடம் போதாமல் விட்டுப்போனவர்கள் பலர். பந்தலுக்குக் கயிறு திரித்துக் கொடுத்தவன் சண்டைக்கு வந்தான். பானைக்குள் போட வெட்டிவேர் கொடுத்தவள் மண்ணை வாரித் தூற்றினாள். கருத்தானைப் பந்தலுக்குக் கூட்டிவந்து கல்லைக் காட்டியபோது அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு எழுத்து தெரியாதுக்கா. என் பேருங்கிற. சரி, இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாளும் பேராயி பந்தலில் காத்திருந்தாள். அன்றும் யாரும் வரவில்லை. கயிறு கொடுத்தவனும் நின்றுவிட்டான்.

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் விட்டிருப்பாள். பேராயி விடுகிற ஆள் இல்லை. அன்று மாலையே நேராகச் சடையன் வீட்டுக்குப் போனாள். பரிசு எதுவும் எடுத்துப் போகவில்லை. அவர் சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சால்வை போட்டுப் பாத்தேன். கல்லு நட்டுப் பாத்தேன். உங்களுக்கு என்ன வேணும்ணே? வாய் விட்டுச் சொல்லுங்க. கேக்காம எந்திரிக்க மாட்டேன்."

சடையன் சக்கரத்தை நிறுத்தினார். கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்.

"எனக்கு எதுவும் வேணாம் தாயி. ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் குடுத்த பானையில யாராச்சும் தண்ணி குடிச்சாங்களா?"



உள்ளேயிருந்து சடையனின் மனைவி சொன்னாள்: "வருசக்கணக்கா என்கிட்டதான் இதக் கேட்டுக்கிட்டு இருக்காரு. எனக்கென்ன தெரியும்? நானும் பாக்கலையே."

பேராயிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் வந்து குடித்த பானை. அதைச் செய்த மனிதருக்கு அது மட்டும் தெரியாது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குடிச்சாங்கண்ணே. போன கோடையில ஒரு வளையல்காரர் வந்தார். தண்ணி குடிச்சவர் நகரவே இல்ல. பானை மேல கன்னத்த வச்சுக்கிட்டு அப்படியே நின்னார். 'இவ்வளவு குளுந்து இருக்கே, யாரு செஞ்சது?'ன்னு கேட்டார். 'மாங்கரைப் பானை'ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கவனிக்கப் போயிட்டேன். உங்க பேரச் சொல்லலண்ணே. அவர் சொன்னத உங்ககிட்டயும் வந்து சொல்லல. தப்பு என்மேலதான்."

சடையன் அந்த மன்னிப்பைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "எந்தப் பானை? குறுகின வாயா, அகல வாயா?" என்று முன்னால் குனிந்தார்.

"குறுகின வாய்."

"ஆங்! அதுக்கு மணல் கூடப் போட்டேன் தாயி. தண்ணி லேசாக் கசியணும், கசிஞ்சாத்தான் குளுரும். இந்தப் பொட்டலுக்குன்னே யோசிச்சுச் செஞ்சது." தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "கன்னத்த வச்சாரா? நிசமாவா?"

அன்றே இருட்டும் முன் அவர் சக்கரம் பந்தலுக்காக மறுபடி சுற்றியது.

அடுத்த மாலை அழகாத்தா வீடு. அவள் பேராயியைக் கண்டதும் பசுவைத் தடவிக்கொண்டே, "என்ன புள்ள, புளிப்பில்லாத மோர் தேடி வந்தியா?" என்றாள்.

"அப்படிச் சொன்ன வாயத்தான் கூட்டியாந்திருக்கேன் மதினி, நாலு போடுங்க. ஆனா இதக் கேட்டுட்டுப் போடுங்க. மாசமா இருந்த ஒருத்தி வந்தா. தண்ணி குடுத்தா வாந்தி. கஞ்சி குடுத்தா வாந்தி. உங்க மோர் ஒன்னுதான் வயித்துல நின்னுச்சு. புளிக்குதுன்னு நான் மூஞ்சியச் சுளிச்சேனே, அவ அந்தப் புளிப்புக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக் குடிச்சா. அன்னைக்கு அவ பொழுதோட ஊர் போய்ச் சேந்தது அந்த மோராலதான்."

அழகாத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவளுக்கு என்ன புள்ள பொறந்துச்சாம்?" என்றாள். பேராயிக்குத் தெரியவில்லை. "கேட்டு வந்து சொல்றேன்" என்றாள். பிறகு நெடும்பாறைக்காரர்களிடம் விசாரித்து வந்து, பெண் குழந்தை என்று சொல்லவும் செய்தாள்.

மூன்றாவது மாலை கருத்தான் வீடு. அவனிடம் அவள் ஒரு கல்யாணக் கூட்டத்தின் கதையைச் சொன்னாள். வெயிலில் மாப்பிள்ளை மயங்கி விழுந்ததையும், கருத்தான் கொண்டுவந்த தண்ணீரை முகத்தில் அடித்து எழுப்பியதையும், முகூர்த்தம் தப்பாமல் மாப்பிள்ளை போய்த் தாலி கட்டியதையும் சொன்னாள். கருத்தான் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப அந்த வீட்டுக்கு நான்தான் தாய்மாமன்! மாமனுக்கு மரியாதை ஒன்னும் வரலையே!" என்றான். பேராயியும் சிரித்தாள். அப்புறம் அவன் சிரிப்பு அடங்கியதும், தண்ணீர் இல்லாத அந்த நண்பகலைப் பற்றியும் சொன்னாள். கைக்குழந்தைக்காரி சரிந்ததைச் சொன்னாள். அவனைக் குறை சொல்லும் குரலில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நீ கொண்டாந்த தண்ணிக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது தம்பி" என்றாள்.

 கருத்தான் எழுந்து போய் எருதின் காலைத் தூக்கிப் பார்த்தான். "சரியாயிருச்சுக்கா" என்றான்.

மறுநாள் விடியும்போது பந்தலில் மூன்று பேரும் நின்றார்கள்.

பேராயி அத்தோடு நிறுத்தவில்லை. ஒரு வழக்கம் ஏற்படுத்தினாள். கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், கயிறு கொடுத்தவனோ, வெட்டிவேர் கொடுத்தவளோ, கோடையில் ஒரு நாளாவது உச்சிப்பொழுதுவரை பந்தலில் இருக்க வேண்டும். தன் கையாலேயே ஊற்றிக் கொடுக்க வேண்டும். செட்டியாரையும் விடவில்லை. அவர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு நாள் ஊற்றினார். கூரையின் நிழலைப் பார்த்து ஒரு கிழவர், "இந்த ஓலை போட்ட மகராசன் நல்லா இருக்கணும்" என்று கண்ணை மூடிச் சாய்ந்தபோது, செட்டியார் பக்கத்தில்தான் குவளையோடு நின்றார். அன்று மாலை தன் பெயர் வெட்டிய கல்லைப் பெயர்த்து, பானைகளுக்கு அடியில் மேடையாகப் போடச் சொல்லிவிட்டார்.

ஊற்றியவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். கேட்டவர்கள் தாங்களும் வந்தார்கள். வர முடியாதவர்கள் வீட்டுக்குப் பொழுது சாய்ந்ததும் பேராயி போனாள். இன்று யார் வந்தார், எது குடித்தார், என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது சோதனைக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பங்குனி முடியும் முன்பே மாங்கரைக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. ராஜா அதைக் கேட்டு, அரண்மனைக் கிணற்றைப் பூட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பேராயி காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பாயில் கிடந்தபடி, "பந்தல்... பந்தல்..." என்று பிதற்றினாள். அவள் கண்ணுக்குள் காலிப் பானைகள். அவற்றின் முன்னால் உதடு வெடித்த மனிதர்கள் வந்து வந்து விழுந்தார்கள்.

காய்ச்சல் சற்று விட்டதும் எழுந்தாள். பொழுது ஏறியிருந்தது. யார் சொல்லையும் கேட்கவில்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பொட்டலில் இறங்கினாள். 'தண்ணீர்தான் இல்லை. வருகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கவாவது அங்கே ஒரு ஆள் வேண்டாமா?' என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் எழுந்தாள். கண் இருட்டியது. கம்பு வழி தேட, கால் இழுபட, பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது நண்பகல்.

பந்தல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கருத்தானின் எருதுகள் ஓரமாக நுரை தள்ளி நின்றன. கண்மாய் வற்றியதும், யாரும் சொல்லாமலே அவன் மலையடி ஊற்றுவரை போகத் தொடங்கியிருந்தான். ஒரு தெருவே சேர்ந்து அவனுக்கு எருது கொடுத்திருந்தது. சடையன் ஒரு சொட்டும் வீணாகாதபடி சின்னச் சின்னக் குவளைகள் வனைந்து கொண்டுவந்திருந்தார். கயிறு திரிப்பவன் குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

பேராயியை யாரும் கவனிக்கவில்லை. காய்ச்சலில் பாதியாகிப்போய், முக்காட்டோடு நின்றவளை யாருக்கு அடையாளம் தெரியும்? வழிப்போக்கர்களோடு ஒருத்தியாக வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. அழகாத்தா குனிந்தபடியே குவளையில் மோரை ஊற்றி நீட்டினாள். பேராயி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். இத்தனை கோடைகளில் அந்தப் பந்தலில் அவள் ஊற்றித்தான் கொடுத்திருக்கிறாள். தவித்து வந்து நின்று வாங்கிக் குடித்தது அன்றுதான். மோர் தொண்டையில் இறங்க இறங்க, போன உயிர் திரும்பி வந்தது.

"மதினி" என்றாள். "இந்த மோர் இல்லன்னா இன்னைக்கு நான் இங்கயே விழுந்திருப்பேன்."

அழகாத்தா நிமிர்ந்தாள். ஆளைத் தெரிந்துகொண்டாள். கண் சட்டென்று கலங்கியது. ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. அடுத்த குவளையை நிரப்பிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும் புள்ள. குடிச்சுட்டு நிழல்ல உக்காரு. பின்னால ஆள் நிக்குது."

பேராயி நகர்ந்து இடம் விட்டாள். அந்தக் கோடையில் அந்தப் பொட்டலில் தாகத்தால் ஒரு உயிரும் போகவில்லை.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான், மக்களே: நமக்குக் கொடுத்து உதவியவர்களின் உதவி யாரைப் போய்ச் சேர்ந்தது, அவருக்கு என்ன நன்மை செய்தது என்பதை அவர்களிடமே போய்ச் சொல்வதுதான் உண்மையான நன்றி.